படிக்கட்டில் ஓடும் வயர்

அந்த வாரம் என் இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்த பழி கொஞ்சநஞ்சமில்லை. திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். லாட்ஜ் படுக்கை விரிப்பு ஒன்றைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாடி வயர்மேன் தடதடவென்று இறங்கி வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் பொட்டிய ஆஃப் பண்ணுங்க. உங்களாலதான் எங்க நெட்டு போகுதுன்னு நெனைக்கிறேன்."

பதினெட்டு வருஷமாகத் துணி தேய்க்கிறேன். சட்டையைப் பொசுக்கியிருக்கிறேன், பொத்தானை உருக்கியிருக்கிறேன். அடுத்த வீட்டு இன்டர்நெட்டைத் தேய்த்துக் காலி பண்ணினேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பெட்டியை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றேன். பத்து நிமிஷம் கழித்து அவர் மனைவி பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, இப்போது நன்றாக இருக்கிறது என்றாள். வயர்மேன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த விரிப்பை இரண்டு மடங்கு தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். ஆவி படிக்கட்டுச் சுவரெல்லாம் ஏறியது.

வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. மாடி அவர்களுடையது. கீழே தெருப்பக்கம் என் கடை, அதை ஒட்டி என் ஒற்றை அறை. கொல்லைப்பக்கம் ஒரு சின்ன அறை மட்டும் அவர்கள் கணக்கில் வரும். நடுவில் படிக்கட்டு. என் மேசை அந்தப் படிக்கட்டுச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. துவைத்ததை மொட்டை மாடியில் காயப்போட நாளைக்குப் பத்துத் தடவை நான் ஏறி இறங்குவதும் அதே படிதான்.

பழைய சாமான் அடைந்து கிடந்த அந்தச் சின்ன அறையைத்தான் வயர்மேன் ஆறு மாதம் முன்னால் வெள்ளையடித்து, மேசை போட்டு, மனைவிக்கு வேலை செய்யும் இடமாக ஆக்கிக் கொடுத்திருந்தார். நாலைந்து க்ளினிக்குகளுக்கு நோயாளிகள் போன் செய்து நேரம் குறிப்பார்களே, அந்தப் போன்களை வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் எடுத்துப் பேசும் வேலை அவளுக்கு. காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மதியம் இரண்டு வரை, "ஹலோ, வணக்கம், சொல்லுங்க, கேட்குது." அவளுக்கு ஹலோக்காரி என்று பெயர் வைத்தது நான்தான். தெருவில் பரப்பியதும் நான்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. நான் நின்றுகொண்டே சம்பாதிக்கிறேன், அவள் உட்கார்ந்துகொண்டு சம்பாதிக்கிறாள். மேலே நான் தேய்த்துக் கொடுத்த சட்டை, கீழே கசங்கிய நைட்டி. கம்பெனி பார்க்கும் கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாதாம். ஆறு மாதம் முன்புவரை மத்தியான நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசியவள். வேலை கிடைத்ததும் அந்த ஸ்டூல் காலியானது. வயிறு எரியாதா? எரிந்தது.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஒரு மாதமாகக் காலையில் நாலு தடவை, ஐந்து தடவை லைன் போகும். போனால் இருபது நொடி, அரை நிமிஷம். தானாக வந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஆள் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் குரல் அறுந்துவிடும். வயர் இல்லாத இணைப்பில் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி, அதனால் வேறு வழிக்கும் போக முடியாது. மேலாள் பொம்பளை எழுதி அனுப்பிவிட்டாள்: இந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் பத்துத் தடவை லைன் போனால் வேலை கிடையாது. ஒன்பது வரைக்கும் பொறுப்பார்களாம். அவள் அந்தக் கடிதத்தை என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முதலாகத் தன் பெயரில் சம்பளம் வாங்கியவள்.

திங்கட்கிழமை நாலு.

வயர்மேன் சும்மா இருக்கவில்லை. வெளியே ஒத்துக்கொண்ட வேலைக்குப் போகாமல் சுவிட்ச் போர்டைக் கழற்றினார், ப்ளக்கை மாற்றினார், எர்த் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த குட்டை வயரைப் பிடுங்கிப் புதிது போட்டார். தனக்குத் தெரிந்த வேலையையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். மனைவி வாசலில் நின்று, ரொம்பத் தயங்கித்தான் சொன்னாள்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமாங்க?"

ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. மாமா என்றால் அவளுடைய அக்கா புருஷன். வயர்மேனுக்குச் சகலை. ஆபீசுகளுக்குக் கம்ப்யூட்டர் வயர் இழுத்து, நெட்வொர்க் சரிபார்த்துக் கொடுக்கும் தொழில். அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பெயர் பெரிய மாப்பிள்ளை. நம்மவர் சின்ன மாப்பிள்ளை. ஆளைப் பார்த்தால் பெரிய மாப்பிள்ளை இவர் தோளுக்குத்தான் வருவார், ஆனாலும் பெரியவர் பெரியவர்தானே. மாமனார் வீட்டில் முதல் தட்டு அவருக்கு, முதல் யோசனை அவரிடம். ஃபேன் ஓடவில்லை என்றால்கூட, பக்கத்தில் வயர்மேன் உட்கார்ந்திருக்கும்போதே, "பெரிய மாப்பிள்ளை வரட்டும்" என்பாராம் மாமனார். இதை வயர்மேன் ஒரு நாள் என்னிடம் சொன்னபோது காதிலிருந்து புகை வராத குறைதான்.

அந்த ஆள் கெட்டவராக இருந்தாலாவது தேவலை. தங்கமான மனுஷன். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

வயர்மேன் கேட்காதே என்றும் சொல்லவில்லை, கேள் என்றும் சொல்லவில்லை. அவள் போனை எடுத்தாள். பெரிய மாப்பிள்ளை எதிர்முனையில் சொன்னது ஒன்றுதான். ஒரு நோட்டு போட்டு, லைன் போகும் நேரத்தையும், அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுது. அதோடு என் நிம்மதி போயிற்று. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை ஓடி வந்து, "அக்கா, இப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். மூன்று தடவையும் நான் லாட்ஜ் விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டு போனாள்.

நாலும் மூன்றும் ஏழு.

அன்று இரண்டரை மணிக்குப் பெரிய மாப்பிள்ளை வந்தார். தோளில் ஒரு பை, கையில் குழந்தைக்குப் பிஸ்கட். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். மாடியில் முன்கூடத்தில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு நாளும் தகராறு இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே பின்னறையில் மாட்டி, அங்கே இருந்ததை மேலே கொண்டுபோய் மாட்டினார். ஒரு மணி நேரம் இரண்டையும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் போகவில்லை. வைத்தியர் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதை. லாட்ஜ் விரிப்பெல்லாம் மதியத்துக்குள் முடிந்து, நான் காய்ந்த சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது யாருக்கும் அப்போது தோன்றவில்லை. வயர்மேன் முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவருக்கு நல்ல கோப்பையில், புருஷனுக்கு எப்போதும் குடிக்கும் டம்ளரில். விருந்தாளிக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். ஆனால் வயர்மேன் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைத் தொடவில்லை, ஆடை கட்டிப்போயிற்று.

பெரிய மாப்பிள்ளை குடித்து முடித்து, படிக்கட்டுச் சுவரைக் கீழிருந்து மேல்வரை தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். வயர் மாடி இன்டர்நெட் பெட்டியிலிருந்து சுவருக்குள் பைப் வழியாக இறங்கிப் பின்னறைக்குப் போகிறது. நடுவில், என் மேசைக்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில் ஒரு சதுர மூடி. வயர் திரும்பும் இடம். அதன்மேல் சுவருக்கு அடித்த அதே வெள்ளை. அவர் கை அங்கே நின்றது.

"சகலை, நடுவுல ஒட்டு எதுவும் இல்லையே?"

"ஒரே வயர்" என்றார் வயர்மேன்.

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஒரு காலரைத் தேய்த்தேன்.

எனக்குத் தெரியும். ஆறு மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயர் இழுத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சதுரப் பெட்டிக்கிட்ட வந்ததும் இரண்டு முழம் போதவில்லை. கடையெல்லாம் அடைப்பு. சகலை வீட்டில் சுருள் சுருளாக இந்த வயர் கிடக்கும், ஒரு போன் போட்டால் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் அந்த மனுஷன், தானே வந்து இழுத்துத் தருவதாகச் சொல்லி, அதற்கு இவர், "வயர் இழுக்க எனக்கே ஆளா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். சரி, இழுங்க, நடுவில் ஒட்டு மட்டும் போடாதீங்க என்று அவர் சொன்னதையும் இவர் என்னிடம் நொடித்துக் காட்டியிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு போய் வயர் கேட்பாரா? பையில் கிடந்த துண்டு வயரை எடுத்தார். இருபது வருஷத் தொழில். மேலுறையைச் சீவி, எட்டு கம்பியையும் பிரித்து, நிறத்துக்கு நிறம் முறுக்கினார். ஊரில் இவர் போட்ட ஒட்டு விட்டதாகச் சரித்திரம் இல்லை. நாலு கம்பி சுற்றியதும் கறுப்பு டேப் தீர்ந்துவிட்டது.

"அக்கா, ஏதாவது நாடா இருந்தா குடுங்க. இதுல என்ன கரண்டா வருது, ஷாக் அடிக்க."

துணிக்குக் குறி கட்ட நான் வைத்திருக்கும் பருத்தி நாடாவைக் கொடுத்தேன். சுற்றி முடித்து, மூடியைப் போட்டு, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டு, "இதை யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க அக்கா" என்றார். நானும் மறந்துபோனேன்.

அன்று பெரிய மாப்பிள்ளை கேட்டவுடன் எனக்கு நினைவு வந்தது. ஒட்டுதான் கோளாறு என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டவர் தெரிந்துதான் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? என் பெட்டிமேல் பழி போட்ட கோபம் ஒரு பக்கம். அதைவிட உள்ளே இன்னொன்று இருந்தது. வேலை போனால் இவள் மறுபடியும் ஸ்டூலைப் போட்டு என் பக்கத்தில் உட்காருவாள். இரண்டு மணி வரைக்கும் அந்த ஹலோ கேட்காது. நினைக்கும்போதே மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்த மனசுதான் என்னுடையது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதன்கிழமை மழை. லாட்ஜ் துணி பாதிதான் வந்தது. அப்படியும் இரண்டு தடவை போயிற்று. ஒன்பது. இரண்டாவது தடவை போனபோது அவள் ஓடி வரவில்லை, நோட்டில் எழுதவும் இல்லை. பின்னறையில் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிடவில்லை. பெண் பள்ளியிலிருந்து வந்து கேட்டதற்கு, தலைவலி என்றாள். வயர்மேன் என் கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, சொல்லிவிடுங்க தம்பி என்றேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"யார்கிட்ட? அவர்கிட்டயா?"

பொண்டாட்டியிடம் சொல்லுங்கள் என்றுதான் நான் சொன்னேன். அவர் காதில் சகலைதான் விழுந்தார். நாளைக்கு அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் பிரித்து மாற்றிவிடுவேன் என்றார். ஒரு வாரமாக அவள் எங்கே தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே பெரிய மாப்பிள்ளை வந்துவிட்டார். அவள் வரச்சொல்லியிருக்கிறாள். முதலில் நோட்டைக் கேட்டு வாங்கி என் மேசைமேல் விரித்துப் படித்தார். எழுதியிருந்த நாலு தடவையும் லாட்ஜ் விரிப்பு நேரம். பார்த்ததும் வயர்மேன், நான் அன்றைக்கே சொன்னேன், இந்த அக்கா பெட்டிதான் கரண்டை இழுக்கிறது என்றார். கரண்டாக இருந்தால் மாடிக் கம்ப்யூட்டரும் போயிருக்க வேண்டுமே, அது போகவில்லையே என்று பெரிய மாப்பிள்ளை அமைதியாகச் சொன்னார். கம்ப்யூட்டர் நல்லது, இன்டர்நெட் பெட்டி நல்லது, அப்படியானால் கோளாறு நடுவில்தான். பையிலிருந்து ஒரு நீளமான நீல வயரை எடுத்தார். மாடிப் பெட்டியில் ஒரு முனையைச் செருகி, சுவருக்குள் போகாமல், கைப்பிடியை ஒட்டிப் படிக்குப் படி விட்டு, பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். ஐந்து நிமிஷ வேலை.

"அக்கா, இன்னிக்கு நீங்க எப்பவும் தேய்க்கிற மாதிரியே தேய்க்கணும். குறைக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

தேய்த்தேன். அன்றைக்கென்று லாட்ஜிலிருந்து நாற்பது விரிப்பு வந்திருந்தது. எட்டு மணிக்கு ஹலோ ஆரம்பித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஆவி ஏறிக்கொண்டே இருந்தது, ஹலோவும் நிற்கவில்லை. ஒவ்வொரு விரிப்புக்கும் என் கை தயங்கியது. அது போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேனா, போகட்டும் என்றா, எனக்கே தெரியவில்லை. வயர்மேன் படியில் உட்கார்ந்து அந்த நீல வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதித்துவிட்டால் போதும், பிடுங்கிக்கொள்ளும். காலை இழுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் முகத்தில் ரத்தம் ஓடியது. பெரிய மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப சுவத்துக்குள்ளதான் ஏதோ ஆயிருக்கு. என்னவா இருக்கும் மாமா?"

அவர் அந்தச் சதுர மூடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சகலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துபோயிருந்தது. அவர் சொன்னது இதுதான்:

"எலியா இருக்கும்மா. பைப்புக்குள்ள பூந்து கடிச்சிருக்கும். சகலை மேல தப்பில்ல."

தப்பித்தார் என்று நினைத்தேன். நானும் தப்பித்தேன். அவள், எலிதானா, இந்த எலிக்காகவா இத்தனை நாள் அழுதேன், மாமா மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். வயர்மேன் எழுந்தார். இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, சுண்ணாம்பைக் கீறி, மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு இழுத்தார்.

"எலி இல்ல. நான்தான்."

அதை நேர்மை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மன்னிப்பாக இருந்தாலும் அந்த ஆள் கையால் வாங்கமாட்டேன் என்கிற பொறாமை அது. முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஒட்டு வெளியே தொங்கியது. நாடா ஊறிப் பழுப்பேறி, செம்பில் பச்சை பூத்திருந்தது. பெரிய மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் விளக்கினார். ஜோடி ஜோடியாக முறுக்கி வரும் கம்பி இது, பிரித்தால் பலம் போகும். போதாததற்குத் துணி நாடா ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டது, கீழேயிருந்து ஆவி ஏறும்போதெல்லாம் லைனை அறுத்துவிட்டது. ஆக, என் பெட்டிமேல் போட்ட பழியும் முழுப் பொய் இல்லை.

அவள் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகினார்.

"மொத நாளே சந்தேகம்தான்."

"செவ்வாக்கிழமை மாமா கேட்டாரே."

 அவள் கிட்டே போய் ஒட்டைக் கையில் எடுத்தாள். நாடாவை ஒரு சுற்று பிரித்தாள். உள்மடிப்பில் ஈரம் படாத இடத்தில், துணிமையில், என் கையெழுத்தில் பதினேழு என்று இருந்தது. அவர்கள் வீட்டுத் துணிக்கு நான் போடும் குறி. அவள் சட்டைக் காலர் ஒவ்வொன்றிலும் அந்தப் பதினேழு உண்டு. எழுதி வைத்திருந்த நாடாவைத்தான் அன்றைக்கு அவசரத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா. உங்களுக்கும் தெரியுமா?"

கையில் இருந்த பெட்டியை எடுக்க மறந்துபோனேன். கருகல் வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். லாட்ஜ் விரிப்பின் நடுவில் பெட்டி அளவுக்குப் பழுப்பாக ஒரு தடம்.

வெள்ளிக்கிழமையும் லைன் போகவில்லை. கணக்கு ஒன்பதிலேயே நின்றது. வேலை நிலைத்தது. மேலாள் பொம்பளை பாராட்டி எழுதியதாகப் பெண் குழந்தை என்னிடம் வந்து சொல்லிற்று, அம்மா சொல்லவில்லை.

சனிக்கிழமை வயர்மேன் புதுச் சுருள் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு முழம் என்ன, இருபது முழம் மிஞ்சும். ஒட்டே இல்லாமல் சுவருக்குள் இழுத்துவிடுகிறேன், படியில் வயர் கிடந்தால் கால் தட்டும் என்று, மாடிப்படியில் நின்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அவள் மேலிருந்தே பதில் சொன்னாள்.

"வேணாம். கண்ணுக்குத் தெரியிற மாதிரியே கெடக்கட்டும்."

மூன்று மாதமாகிறது. நீல வயர் படிக்குப் படி அப்படியே கிடக்கிறது. பிரிக்காத சுருள் வயர்மேனின் பையில் கிடக்கிறது. பெரிய மாப்பிள்ளை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சகலைக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார், தங்கமான மனுஷன். அவள் சட்டைகள் இப்போது என்னிடம் வருவதில்லை, மாடியிலேயே தேய்த்துக்கொள்கிறாள். ஸ்டூலில் நான் பழைய துணி மூட்டையை வைத்திருக்கிறேன்.

காலையில் ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். எதிரே இறங்கும் வயர்மேனும் அப்படித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் ஒரு வினாடிகூட அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஹலோ, வணக்கம். சொல்லுங்க, நல்லா கேட்குது." நாங்கள் இரண்டு பேரும் வயரை மிதிக்காமல் சுவரோரம் ஒதுங்கி ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போகிறோம்.